அரசியல் கொலைகளும் மூடிய காகிதங்களும்

புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகிற சாலையில் முதலில் லேனா விளக்கு வருகிறது. அங்கே இலங்கைத் தமிழ் அகதிகள் முகாம் ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டிப் போனால் திருமயம் கோட்டை. ஊர்க்காரர்கள் அதை ஊமையன் கோட்டை என்பார்கள்; கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையின் பெயரால். இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் சில மைல்களும் சுமார் இருநூறு வருஷங்களும் கிடக்கின்றன. ஆனால் இரண்டிலும் ஒரே பிரச்னைதான் தங்கியிருக்கிறது என்று வெகுநாளாக எனக்குத் தோன்றி வருகிறது. ஒரு அரசியல் கொலை நடக்கிறது. அதைப் பற்றிய காகிதங்கள் யாரிடமோ இருக்கின்றன. காகிதங்களைப் பார்க்க முடியாதவர்கள் பழியைச் சுமக்கிறார்கள்.

பழைய அரசியல் கொலைகளின் ஆவணங்களை வெளியிட வேண்டும், விசாரணையை மறுபடி தொடங்க வேண்டும் என்ற கோரிக்கை நம்மிடையே அவ்வப்போது எழுகிறது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். எனக்கு இவை வெவ்வேறு காரியங்களாகப் படுகின்றன. மறுவிசாரணை என்பது புதிதாக ஒரு குற்றவாளியைத் தேடுவது. ஆவண வெளியீடு என்பது ஏற்கெனவே சுமத்தப்பட்ட பழிக்கு ஓர் அளவு கேட்பது. காகிதம் முதலில், விசாரணை பிறகு என்பது என் கட்சி. ஏன் என்று சொல்ல முயல்கிறேன்.

1

1799 செப்டம்பரில் பாஞ்சாலங்குறிச்சி விழுந்தபின் கட்டபொம்மன் வடக்கே தப்பி வந்தான். தொண்டைமான் சீமையில், இப்போதைய பொன்னமராவதி வட்டாரத்தில் திருக்களம்பூர்ப் பக்கத்துக் காட்டில் பிடிபட்டான் என்பது மரபு. பிடித்தவர்கள் புதுக்கோட்டை ராஜா விஜயரகுநாதத் தொண்டைமானின் ஆட்கள். கும்பினியாரிடம் ஒப்படைத்தார்கள். அக்டோபர் 16ந் தேதி கயத்தாற்றில், மற்றப் பாளையக்காரர்களை வரவழைத்து உட்காரவைத்து, மேஜர் பானர்மன் விசாரணை என்ற பெயரில் ஒன்றை நடத்தி அன்றைக்கே தூக்கிலிட்டான். பட்டப்பகலில், சாட்சிகளைக் கூட்டி வைத்துக்கொண்டு நடந்த அரசியல் கொலை இது.

என் தலைமுறைக்கு 1959இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' திரைப்படம் பாடப்புத்தகத்தைவிடப் பெரிய சரித்திரம். வெளியூருக்குப் படிக்கப்போன புதுக்கோட்டைப் பையன் எவனும் 'காட்டிக்கொடுத்த ஊர்க்காரன்' என்ற கேலியைக் கேட்காமல் திரும்பியதில்லை. நானும் கேட்டேன். கேட்ட கோபத்தில் ஊரைத் தற்காக்கவில்லை. எதிர்க் கட்சியில் சேர்ந்துகொண்டு, தொண்டைமானைத் துரோகி என்று சபித்து ஒரு கவிதை எழுதினேன். ஒரு கையெழுத்துப் பத்திரிகையில் வந்தது. பாராட்டவும் செய்தார்கள். அதை எழுதும்போது இந்த விஷயம் பற்றி ஒரே ஒரு ஆவணத்தைக்கூட நான் படித்திருக்கவில்லை.

பின்னால் படித்தேன். 1916இல் வந்த ராதாகிருஷ்ண ஐயரின் புதுக்கோட்டை சமஸ்தான வரலாறு தொண்டைமான் பக்கத்து நியாயத்தைச் சொல்கிறது. 1750களின் திருச்சிராப்பள்ளிப் போர்களிலிருந்தே கும்பினியின் கூட்டாளி. கூட்டாளி கேட்டான், பிடித்துக் கொடுத்தான். கே. ராஜய்யன் போன்றவர்கள் கும்பினியின் சொந்தக் கடிதப் போக்குவரத்தைப் புரட்டி வேறொரு சித்திரத்தைக் கொடுத்தார்கள். 1803இல் கீழாநிலைக் கோட்டையும் அதைச் சேர்ந்த நிலமும் தொண்டைமானுக்குக் கொடுக்கப்பட்டன. தஞ்சாவூரோடு வெகுகாலமாக இருந்த வழக்கு அது; பாளையக்காரர் போர்களில் செய்த சேவையும் அந்தக் கணக்கில் சேர்ந்துகொண்டது. இவையெல்லாம் படிக்கக் கிடைக்கிற காகிதங்கள். கட்டபொம்மனின் கடைசி நாளைப் பற்றி நமக்குக் கிடைக்கிற முக்கியமான நேரடிச் சாட்சியம் பானர்மன் மறுநாள் மேலிடத்துக்கு எழுதிய கடிதம். கைதி கடைசிவரை கலங்கவில்லை என்றும், எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் ஏளனமாகப் பார்த்தான் என்றும் தூக்கிலிட்டவனே எழுதி வைத்திருக்கிறான். கொன்றவனின் கையெழுத்தில்தான் கொல்லப்பட்டவனின் வீரம் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இந்தக் காகிதங்கள் தொண்டைமானை விடுதலை செய்துவிட்டன என்று நான் சொல்ல வரவில்லை. படித்த பிறகும் அவர் செய்ததை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் ஏற்காததற்குக் காரணம் சொல்ல முடிகிறது. எதைச் செய்தார், யார் கேட்டுச் செய்தார், என்ன கிடைத்தது என்று பிரித்துப் பேச முடிகிறது. ஒரு ஊரின் மேல், ஒரு குலத்தின் மேல் படர்ந்திருந்த பழி ஒரு மனிதரின், ஒரு தர்பாரின் செய்கையாகச் சுருங்கியது. பழிக்கு ஓர் அளவு வந்தது. என் கவிதையை நான் பிறகு எந்தத் தொகுப்பிலும் சேர்க்கவில்லை.

1799இல் நடந்ததைப் பற்றி ஒரு சாதாரண வாசகன் இவ்வளவு தெரிந்துகொள்ள முடிகிறது. நம் வாழ்நாளை ஒட்டி நடந்த கொலைகளைப் பற்றி அவனால் இவ்வளவு தெரிந்துகொள்ள முடியாது. இந்த முரண்தான் என்னைத் தொந்தரவு செய்கிறது.

2

1948 ஜனவரி 20ந் தேதி டெல்லி பிர்லா மாளிகையில் காந்தியின் பிரார்த்தனைக் கூட்டத்தில் குண்டு வெடித்தது. வெடித்த மதன்லால் பாவா அங்கேயே பிடிபட்டான். தன்னோடு வந்தவர்களில் ஒருவன் மராத்திப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியன் என்று சொன்னான். பம்பாயில் ஜகதீஷ் சந்திர ஜெயின் என்ற பேராசிரியர், மதன்லால் முன்பே தன்னிடம் இதுபற்றிப் பேசியதை மறுநாளே முதன்மந்திரி பி.ஜி. கேரிடமும் உள்துறை மந்திரி மொரார்ஜி தேசாயிடமும் போய்ச் சொன்னார். பத்து நாட்கள் இருந்தன. ஜனவரி 30ந் தேதி அந்தப் பத்திரிகை ஆசிரியன் நாதுராம் கோட்சே காந்தியைச் சுட்டான்.

செங்கோட்டையில் வழக்கு நடந்தது. 1949 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. நவம்பரில் கோட்சேயும் ஆப்தேயும் தூக்கிலிடப்பட்டார்கள். சாவர்க்கர் போதிய சாட்சியம் இல்லையென்று விடுதலையானார். தலைமறைவு என்று ஏட்டில் எழுதப்பட்ட மூவர் பிடிபடவே இல்லை. விஷயம் முடிந்துவிட்டதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். 1964இல் கோபால் கோட்சே முதலானோர் தண்டனை முடிந்து வெளியே வந்தபோது புனேயில் அவர்களுக்கு ஒரு வரவேற்பு நடந்தது. திலகரின் பேரன் ஜி.வி. கேட்கர் அதில் பேசும்போது, கொலை நோக்கம் தனக்கு முன்பே தெரியும் என்றார். பாராளுமன்றத்தில் கொந்தளிப்பு. 1965இல் பதக் தலைமையில் ஒரு கமிஷன். 1966இல் அது நீதிபதி ஜீவன்லால் கபூர் கைக்கு மாறியது. 101 சாட்சிகள், 407 ஆவணங்கள். 1969இல் அறிக்கை.

கபூர் அறிக்கையைப் படிப்பது விசித்திரமான அனுபவம். நாடகம் எதுவும் கிடையாது. யார் யாருக்கு எப்போது டெலிபோன் செய்தார், எந்தத் தகவல் எந்த ரயிலில் போனது, எந்த அதிகாரி எந்தக் காகிதத்தைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டார் என்று பக்கம் பக்கமாகப் போகிறது. அந்தச் சலிப்பூட்டும் விவரங்களிலிருந்துதான் பத்து நாட்களின் பயங்கரம் வெளிப்படுகிறது. சாவர்க்கரின் மெய்க்காப்பாளரும் காரியதரிசியும் 1948இலேயே பம்பாய்ப் போலீஸாரிடம் கொடுத்த வாக்குமூலங்கள் செங்கோட்டை நீதிமன்றத்தின் முன் வைக்கப்படவில்லை. அவை கமிஷன் முன்தான் வந்தன. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் சாவர்க்கரும் அவர் குழுவும் செய்த சதி என்பதைத் தவிர வேறு முடிவுக்கு வரமுடியாது என்று கமிஷன் எழுதியது. சாவர்க்கர் 1966 பிப்ரவரியிலேயே இறந்துவிட்டிருந்தார்.

நீதிமன்றம் விடுதலை செய்த ஒருவரை, பதில் சொல்ல அவர் இல்லாத காலத்தில், ஒரு கமிஷன் இப்படிச் சொல்லலாமா? எனக்கு இதில் சங்கடம் உண்டு. அவருடைய அரசியலோடு எனக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றாலும் சங்கடம் சங்கடம்தான். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று பார்க்கவேண்டும். 1948இல் இரண்டு வாக்குமூலங்கள் போலீஸ் அலமாரியில் தங்கிவிட்டன. அப்போதே வெளியே வந்திருந்தால் நீதிமன்றம் அவற்றை எடை போட்டிருக்கும். அவரும் பதில் சொல்லியிருப்பார். காகிதத்தை மூடிவைத்தது குற்றம் சாட்டியவர்களுக்கும் உதவவில்லை, குற்றம் சாட்டப்பட்டவருக்கும் உதவவில்லை.

2017இல் காந்தி கொலையை மறுவிசாரணை செய்யக் கோரி ஒரு மனு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நான்காவது குண்டு ஒன்று இருந்தது, இரண்டாவது ஆள் சுட்டிருக்கலாம் என்ற வாதம். நீதிமன்றம் ஒரு மூத்த வழக்கறிஞரை நியமித்துக் காகிதங்களைப் பார்க்கச் சொன்னது. ஆதாரமில்லை என்றார். 2018 மார்ச்சில் மனு தள்ளுபடியானது. மறுவிசாரணைக் கோரிக்கை எப்போதும் உண்மையின் பக்கமே நிற்கும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். ஒரு பழியை இடம் மாற்றவும் மறுவிசாரணை கேட்கலாம். அந்தக் கோரிக்கையை எடைபோட உதவியவை, ஏற்கெனவே வெளியே இருந்த காகிதங்கள்.

3

இப்போது லேனா விளக்குக்கு வருகிறேன்.

1990 ஜூன் 19ந் தேதி சென்னை கோடம்பாக்கத்தில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைவர் பத்மநாபாவையும் உடனிருந்தவர்களையும் சுட்டுக் கொன்றார்கள். கொன்றவர்கள் தமிழகக் கடற்கரை வழியாகத் தப்பிப் போனார்கள். பதினோரு மாதம் கழித்து, 1991 மே 21ந் தேதி இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி. இரண்டிலும் சிவராசன் பெயர் வருகிறது என்றது புலனாய்வு. 1948இன் பத்து நாட்களைப் போல இந்தப் பதினோரு மாதங்களும் ஒரு கேள்வி. முதல் கொலையின் காகிதங்கள் எங்கே நின்றன, யார் கையில் நின்றன?

மே 22ந் தேதி காலை புதுக்கோட்டையில் கடைகள் திறக்கவில்லை. தமிழகமெங்கும் தி.மு.க. கொடிக்கம்பங்கள் வெட்டப்பட்ட நாட்கள் அவை. இந்த மாவட்டத்துக்கு ஒரு கடற்கரையும் உண்டு: கோட்டைப்பட்டினம், ஜகதாப்பட்டினம், மணமேல்குடி. எதிர்க்கரையிலிருந்து படகில் வந்தவர்களை 1983இல் சோறும் துணியும் கொடுத்து வரவேற்ற ஜனங்கள், 1991இல் அதே ஆட்களை ஏற இறங்கப் பார்த்தார்கள். லேனா விளக்கு, தேக்காட்டூர், அழியாநிலை முகாம்களில் தலையெண்ணிப் பார்ப்பது கடுமையாயிற்று. தமிழகம் முழுவதும் முகாம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைப்பதே கஷ்டமாக இருந்த ஒரு காலம் வந்தது. 1992 தொடங்கி ஆயிரக்கணக்கில் திருப்பி அனுப்பினார்கள். கொலைக்கும் இவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் காட்டவில்லை. காட்டச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

வழக்கு பூந்தமல்லித் தனி நீதிமன்றத்தில் மூடிய கதவுகளுக்குள் நடந்தது. 41 பேர் மேல் குற்றச்சாட்டு. 12 பேர் இறந்துபோயிருந்தார்கள், மூவர் தலைமறைவு. மீதி 26 பேருக்கும் 1998 ஜனவரி 28ந் தேதி தூக்குத் தண்டனை. 1999 மே 11ந் தேதி உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைச் சதியிலிருந்து விடுவித்தது. நால்வருக்குத் தூக்கு, மூவருக்கு ஆயுள். தடாச் சட்டக் குற்றங்கள் நிற்காது என்று சொன்ன அதே தீர்ப்பு, தடாவின்கீழ்ப் போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கப்பட்ட ஒப்புதல் வாக்குமூலங்களை ஏற்றுக்கொண்டது. பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த மத்தியப் புலனாய்வு அதிகாரி தியாகராஜன், பாட்டரிகள் எதற்கென்று தனக்குத் தெரியாது என்று அவர் சொன்ன பகுதியைத் தான் எழுதவில்லை என்று 2013இல் வெளியே சொன்னார். 22 வருஷம் கழித்து. ஒரு வாக்கியம் விடுபட்ட ஒரு காகிதத்தின் மேல் ஒரு மனிதனின் உயிர் அத்தனை காலம் தொங்கியிருக்கிறது. 2022 மே மாதம் அவரும் நவம்பரில் மற்ற அறுவரும் விடுதலையானார்கள்.

இதைச் சொல்வதால், புலிகள் மேல் நிரூபிக்கப்பட்டதை நான் மறுக்கிறேன் என்று யாரும் படிக்கவேண்டாம். கொலையைச் செய்த அமைப்பு எது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த அமைப்பின் கையால் இறந்த தமிழர்களின் கணக்கும் எனக்குத் தெரியும். என் கேள்வி மிச்சத்தைப் பற்றியது. பரந்த சதி இருந்ததா என்று பார்க்க ஜெயின் கமிஷனுக்குப் பிறகு 1998இல் பல்துறைக் கண்காணிப்புக் குழு என்று ஒன்று அமைக்கப்பட்டது. அதன் அறிக்கைகள் மூடிய உறைகளில் நீதிமன்றத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. 24 வருஷம் கழித்து, 2022இல் குழு கலைக்கப்பட்டது. உறைகளில் என்ன இருந்தது என்று வாசகன் படிக்க வழியில்லை.

இந்த வழக்கில் காகிதம் ஒரு தடவை வெளியே வந்தது. 1997 நவம்பரில் ஜெயின் கமிஷனின் இடைக்கால அறிக்கை பாராளுமன்றத்தில் வைக்கப்படுவதற்கு முன்பே ஒரு பத்திரிகைக்குக் கசிந்தது. தி.மு.க. மேல் பழி. காங்கிரஸ் ஆதரவை விலக்கியது; குஜ்ரால் அரசாங்கம் கவிழ்ந்தது. கசிவு வேறு, வெளியீடு வேறு. கசிகிறபோது வேண்டியவனுக்கு வேண்டிய பக்கம் மட்டும் கிடைக்கிறது. மறுப்பவன் கையில் காகிதம் இருப்பதில்லை. மூடிவைப்பதைப் பாதுகாப்பு என்று சொல்கிறவர்கள், மூடிவைத்ததனால்தான் கசிவுக்கு அவ்வளவு விலை ஏறியது என்பதையும் சேர்த்து யோசிக்கலாம்.

4

சட்டம் இடம் கொடுக்கிறதா என்று பார்த்தால், கொடுக்கத்தான் செய்கிறது. விசாரணைக் கமிஷன் சட்டப்படி அறிக்கை வந்த ஆறு மாதத்துக்குள் சபையில் வைக்கவேண்டும். பொது ஆவணங்கள் சட்டமும் விதிகளும் 25 வருஷத்துக்கு மேற்பட்ட நிரந்தர ஆவணங்களைக் காப்பகத்துக்கு அனுப்பச் சொல்கின்றன. 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம், 20 வருஷத்துக்கு முந்திய நிகழ்ச்சிகள் பற்றிய தகவலை, மூன்று விலக்குகள் போக, கொடுத்தே ஆகவேண்டும் என்கிறது. 1991க்கு அந்த 20 வருஷம் 2011இல் முடிந்தது. அதே 2011இல் மத்தியப் புலனாய்வுத் துறை அந்தச் சட்டத்தின் விலக்குப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கதவு திறக்கிற வருஷத்தில் பூட்டு மாற்றப்பட்டது. மனித உரிமை மீறல் என்றால் விலக்கு செல்லாது என்று சட்டத்திலேயே ஒரு வாசல் இருக்கிறது. அதைத் தட்டிப் பார்க்கலாம்.

வெளிநாட்டு அனுபவம் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளச் சொல்கிறது, அது நல்லதுதான். கென்னடி கொலைக் காகிதங்களை வெளியிட அமெரிக்கக் காங்கிரஸ் 1992இல் சட்டம் செய்தது. தவணை மேல் தவணையாகி 2025இலும் வெளியீடு நடந்தது. மக்கள் தேடிய இரண்டாவது துப்பாக்கிக்காரன் கிடைக்கவில்லை. கொலைக்கு முன்பே ஆஸ்வால்டை உளவுத்துறை கவனித்துவந்த விவரமும், அதை மறைக்க எவ்வளவு பாடுபட்டது என்பதும் கிடைத்தன. காங்கோவில் 1961 ஜனவரியில் கொல்லப்பட்ட லுமும்பாவைப் பற்றிப் பெல்ஜியப் பாராளுமன்றமே 2001இல் விசாரித்து, தார்மிகப் பொறுப்பை ஏற்றது. மறு வருஷம் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. அமிலத்தில் கரைத்தழிக்கப்பட்ட உடலில் மிஞ்சியிருந்த ஒரு பல் 2022இல் குடும்பத்தாரிடம் வந்து சேர்ந்தது. 40 வருஷம் கழித்து யாரும் சிறைக்குப் போகவில்லை. ஆனாலும் அந்த மகளும் மகன்களும் அதைக் கேட்டு வாங்கினார்கள்.

சாட்சிகளுக்கு ஆபத்து, அண்டை நாட்டு உறவு கெடும் என்று ஆட்சேபம் வரும். தனிநபர்களின் பெயரை மறைத்து வெளியிடலாம். பூந்தமல்லிச் சாட்சியங்கள், கமிஷன்களின் இணைப்புகள், கண்காணிப்புக் குழுவின் அறிக்கைகள், பத்மநாபா வழக்கின் காகிதங்கள் ஆகியவற்றை இப்படி வெளியிட்டபின், அவற்றிலிருந்து புதிய கேள்வி எழுந்தால் மறுவிசாரணை கேட்கலாம். அப்போது அந்தக் கோரிக்கைக்கு ஒரு முகம் இருக்கும்.

இந்தப் பத்திரிகையைப் படிக்கிற நூறு இருநூறு பேரிடம் எனக்கு ஒரு குறை உண்டு. அதில் நானும் அடக்கம். ஒரு கவிதையின் ஒரு சொல்லுக்காக மாதக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறோம். 1991 பற்றிக் கதை எழுதினோம், கவிதை எழுதினோம், கண்டனம் எழுதினோம். கபூர் அறிக்கையையோ 1999 தீர்ப்பையோ முழுதாகப் படித்தவர் எத்தனை பேர்? பிரதியை நுணுகிப் படிக்கத் தெரியும் என்று சொல்லிக்கொள்கிறவர்கள், ஒரு வாக்குமூலத்தில் விடுபட்ட வாக்கியம் எங்கே இருந்திருக்கும் என்று தேடிப் பார்த்ததில்லை. கிடைக்கிற காகிதங்களைப் படிக்காதவன் கிடைக்காத காகிதங்களைக் கேட்பதில் வலு இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் லேனா விளக்கு முகாமில் ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். அன்றைய தலையெண்ணல் முடிந்து மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். இந்த வழக்கைப் பற்றி ஏதோ ஆறுதலாகச் சொல்லி, சீக்கிரம் எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்து, "மறக்க வேணாம் தம்பி. முழுசாத் தெரிய வேணும். ஆர் ஆர் செய்தது எண்டு வடிவாத் தெரிஞ்சால்தான், ஆர் ஆர் செய்யேல்லை எண்டதும் தெரியும்" என்றார்.

அவர் இப்போது இல்லை. முகாம் இருக்கிறது. திருமயம் பஸ் அதைத் தாண்டித்தான் போகிறது.